ஐந்து ஊர், ஒரு மாநாடு: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,

மாநாடு முடிந்து பத்து நாளாகிறது. வாடகைக் கதிரைகள் திரும்பிப் போய்விட்டன, வயர்களும் சுருட்டியாயிற்று. ஞாயிறு இரவே மேடையில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். மழையும் நேரமும் விடவில்லை, நாலு வரியோடு முடித்துவிட்டோம். அந்த நாலு வரிக்குள் அடங்காதவர்களுக்குத்தான் இந்த மடல்.

வராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நவம்பர் 1, 2ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம், சென்னை, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என ஐந்து ஊர்களில், ஐந்து மண்டபங்களை நேரலைக் காணொளியால் இணைத்து இந்த மாநாட்டை நடத்தினோம். பேசுபொருள், எங்கள் வீடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய ஆவணங்கள்: ஏடுகள், காணி உறுதிகள், கடிதங்கள், பாடசாலை மலர்கள், கல்யாணப் படங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின என்பது எல்லாருக்கும் தெரியும். வீடுகளில் இருந்தவை எவ்வளவு போயின என்பதை யாரும் எண்ணவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிப் பக்கம் நடந்த சனம் எதைத் தூக்கிக்கொண்டு போனது, எதை விட்டுவிட்டுப் போனது? அந்த இடப்பெயர்வுக்கு 30 ஆண்டு நிறைந்த கிழமையில்தான் இதைப் பேச வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். திகதியை மாற்றச் சொன்னவர்களுக்கும், மாற்ற மாட்டோம் என்றதும் கோபிக்காமல் கூட நின்றவர்களுக்கும் முதல் நன்றி.

அவரவர் வீட்டிலிருந்து கைபேசியில் இணைந்தால் போதாதா, மண்டபம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த ஏடுகளையும் கடிதங்களையும் வைத்திருப்பவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். சின்னத் திரையில் இருபது முகங்களைப் பார்த்து அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்துக் கதிரையில் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் கதை வரும். பெரிய திரையில் இன்னொரு மண்டபம் முழுதாகத் தெரிந்தால், அங்கே மூன்றாவது வரிசையில் இருப்பவரைப் பார்த்து "அது இன்னாருடைய மகன் அல்லவா" என்று கை காட்டுவார்கள். இரண்டு நாளும் அப்படித்தான் நடந்தது.

இந்த யோசனையைத் தந்தவர் லண்டனில் இருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயா. 2000களின் தொடக்கத்தில் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'அக்சஸ் கிரிட்' கூடத்தை இயக்கியவர். பல ஊர்க் கூடங்களைக் காணொளியால் இணைக்க அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் உருவான முறை அது. சுவர் முழுக்கப் பல புரொஜெக்டர், அறையில் பல கமரா, ஒலிக்குத் தனிக் கருவி. 2001 நவம்பரில் டென்வரில் நடந்த 'எஸ்சி குளோபல்' மாநாட்டில் பல கண்டங்களிலிருந்த கூடங்களை இப்படித்தான் இணைத்தார்கள். சூம் எல்லாம் வருவதற்குப் பல ஆண்டு முந்திய கதை. அவர் எங்களுக்கு முதல் நாளே சொன்னது: "தம்பி, படம் போனாலும் கூட்டம் நடக்கும். சத்தம் போச்சுதோ, கூட்டம் முடிஞ்சுது."

இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு மண்டபத்திலும் கருவியைப் பார்க்கும் ஒருவர் வேண்டும், அவர்கள் தங்களுக்குள் எழுத்தில் பேசிக்கொள்ளத் தனி வழியும் வேண்டும் என்று. அந்தக் காலத்தில் கூடங்களை இயக்கியவர்கள் அதற்கென்று ஒரு எழுத்து அரட்டையைத் திறந்து வைத்திருந்தார்களாம். நாங்களும் கருவி பார்க்கும் அந்த ஐந்து பேர் மட்டும் இருக்கும் வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். "சத்தம் குறைவு", "இன்னும் 2 நிமிடம்", "கேள்வி ஒன்று இருக்கு" என்பதற்கு மேல் அதில் எதுவும் எழுதக் கூடாது என்பது கட்டுப்பாடு. இரண்டு நாளில் 400க்கு மேற்பட்ட செய்திகள் போய் வந்தன, ஒரு வணக்கம்கூட இல்லை. அந்த ஐந்து பேரும் ஒரு உரையையும் முழுதாகக் கேட்கவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் அவர்கள் கேட்காமல் இருந்ததால்தான்.

இனி ஒலிக்கு வருகிறேன். கொக்குவிலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணைதான் எங்கள் மண்டபத்துக்குப் பொறுப்பு. கோயில் திருவிழாக்களில் முப்பது வருட அனுபவம். புதன்கிழமை ஒத்திகையில் லண்டன்காரர் பேச, அவருடைய குரலே அரைச் செக்கன் கழித்து அவருக்குத் திரும்பிக் கேட்டது. நாங்கள் லண்டனில்தான் பிழை என்று நினைத்தோம். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவரிடம் குற்றம் இல்லை, மற்ற மண்டபத்தில் ஸ்பீக்கர் சத்தத்தை மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது என்று ஐயா விளங்கப்படுத்தினார். அதாவது குற்றம் எங்கள் பக்கம். அண்ணை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு பெரிய பெட்டியையும் இறக்கிவிட்டு நாலு சின்னப் பெட்டியைச் சபையின் நடுவே, மைக்குக்கு முதுகு காட்டி வைத்தார். மேசை மைக்குகளை எடுத்துவிட்டு, கையில் பிடிக்கும் மைக் இரண்டு மட்டும் விட்டார். பந்தல்காரரிடம் தடித்த திரைச்சீலை வாங்கி வெறும் சுவர் இரண்டையும் மூடினார். இரவு பதினொரு மணிக்கு லண்டனிலிருந்து "இப்ப பக்கத்து வீட்டில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு" என்று செய்தி வந்த பிறகுதான் அவர் சாப்பிடப் போனார். அண்ணை, கோயிலுக்கு வாங்கும் வாடகையில் பாதியைக்கூட நீங்கள் எங்களிடம் வாங்கவில்லை. அதை இங்கே எழுத வேண்டாம் என்றீர்கள், மன்னியுங்கள்.

ரொறன்ரோ தங்கைக்கு நாங்கள் ஒரு மணி நேரம் கடன்பட்டிருக்கிறோம். இங்கே ஆண்டு முழுதும் மணிக்கூடு ஒரே ஓட்டம். அங்கே அப்படியில்லை. பிரித்தானியாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், ரொறன்ரோவில் அது நவம்பர் முதல் ஞாயிறு. எங்கள் மாநாட்டின் இரண்டாம் நாளே அந்த ஞாயிறு! பொது அமர்வு தொடங்கும் நேரம் யாழ்ப்பாணத்தில் மாலை ஆறரை என்றால் ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை ஒன்பது, ஞாயிறு காலை எட்டு. நாங்கள் இரண்டு நாளுக்கும் ஒன்பது என்று அச்சடித்துவிட்டோம். அப்படியே விட்டிருந்தால் ஞாயிறு அமர்வின் முதல் ஒரு மணி நேரம் ரொறன்ரோ கதிரைகள் வெறுமையாகக் கிடந்திருக்கும். தங்கை அதைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. ஐந்து ஊருக்கும் ஐந்து நிகழ்ச்சி நிரல், ஒவ்வொன்றிலும் அந்த ஊர் நேரம் பெரிதாக, யாழ்ப்பாண நேரம் அடியில் சிறிதாக என்று தானே செய்து அனுப்பினார். பிறகு எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எங்கள் மண்டபத்துக் கண்ணாடி இழை இணைப்பு அறுந்தது. திங்கள்தான் ஆள் வரும் என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. பின்வீட்டு மாஸ்டர் தன் வீட்டு இணைப்பை மதிலுக்கு மேலால் 60 மீற்றர் வயர் இழுத்துத் தந்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டு நாளும் இணையமே தொடவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி.

சனி மாலை ஏழு பத்துக்கு இடியோடு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் எடுக்க நாற்பது செக்கன் ஆனது. அந்த நாற்பது செக்கனும் ரூட்டரையும் ஒரு மடிக்கணினியையும் ஒலிக்கலவைப் பெட்டியையும் பல்கலைக்கழக மாணவர்கள் கொண்டுவந்த யுபிஎஸ் பற்றரிப் பெட்டி தாங்கியது. இங்கே திரை இருண்டது, குரல் அறவில்லை. இருட்டுக்குள் மெல்பேர்ண் அம்மா ஒருவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். சபையில் ஒருவரும் அசையவில்லை.

அப்புறம், கோண்டாவில் அம்மா. எழுபத்தெட்டு வயது. இடப்பெயர்வு இரவில் தகப்பனாரின் வைத்திய ஏட்டைப் பொலித்தீனில் சுற்றி, உரப்பையில் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர். ஐந்து நிமிடம் தரப்பட்டது, பதினொரு நிமிடம் பேசினார். மணியடிக்க வேண்டிய பிள்ளை மணியைக் கீழே வைத்துவிட்டது. அதற்கும் நன்றி. ஏட்டைக் கமராவின் கீழ் வைத்துக் காட்டினால் எழுத்து கலங்கும் என்று ஒத்திகையிலேயே தெரிந்தது, ஏனென்றால் காணொளி நுணுக்கமான கோடுகளை விழுங்கிவிடும். ஆகவே மாணவர்கள் ஒவ்வொரு ஓலையையும் முன்கூட்டியே படமெடுத்து, முழு அளவுக் கோப்பாகச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். சென்னைப் பேராசிரியர் அதைப் பெரிதாக்கி வாசித்தார். ஏட்டில் புள்ளி இடுவது அரிது, கொ, கோ போன்ற எழுத்துகளில் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் இருக்காது. ஒரு மருந்துச் சரக்கின் பெயரில் "கொடி"யா "கோடி"யா என்று தயங்கினார். ரொறன்ரோ மண்டபத்தில் பின்வரிசையில் ஒருவர் எழும்பி, "ஐயா, அது கொடிவேலி. அப்பா அதின்ர வேரைத்தான் எடுப்பார்" என்றார். அவரும் ஒரு வைத்தியரின் மகன். கோண்டாவில் அம்மா திரையைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஒன்பது மாதம் உழைத்தோம் என்று எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

சமையலறை அக்காமாருக்கு: பனங்காய்ப் பணியாரமும் பிளேன்ரீயும் திரையில் தெரிந்ததால் லண்டனில் பெரிய ஏக்கம் என்று கேள்வி. ஜெனரேட்டரோடு மழையில் நின்ற தம்பிக்கும், மூத்தவர்களை வீடு வீடாக ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரருக்கும், பெயர் சொல்ல வேண்டாம் என்று காசு தந்தவர்களுக்கும் நன்றி. படமெடுத்த ஓலைகளின் பிரதி ஐந்து மண்டபங்களுக்கும் இந்தக் கிழமை வந்து சேரும். மூல ஏடு அம்மா வீட்டிலேயே இருக்கிறது.

கடைசியாக மெல்பேர்ண் உறவுகளே. பிற்பகல் அமர்வு உங்களுக்கு இரவு ஏழரைக்கு, பொது அமர்வு நள்ளிரவு பன்னிரண்டுக்கு. எல்லா ஊருக்கும் ஒத்த நேரம் தேடியபோது அதிகம் விட்டுக்கொடுத்தது நீங்கள்தான். வயதானவர்களும் போர்வையோடு இருந்ததைத் திரையில் பார்த்தோம். அடுத்த முறை உங்கள் பகலில்தான் தொடங்குவோம். மெல்பேர்ணில் காலை பத்தரை என்றால் இங்கே விடிய ஐந்து மணி. கொக்குவில் அண்ணையிடம் கேட்டுவிட்டோம். நாலு மணிக்கே வந்து பெட்டிகளை வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மாநாட்டு ஒருங்கிணைப்பாளர்,
யாழ்ப்பாணம்