லெவல் ஏறினால் மட்டும் ஆர்.பி.ஜி. ஆகிவிடுமா?

மதுரை வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்குக் கேம் உருவாக்கும் போட்டி நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற முறை ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் ஆட்டம்) பிரிவில் முதற்பரிசு பெற்ற ஆட்டத்தை முழுவதும் ஆடிப் பார்த்தேன். வைகைப் பாலத்து வாள்சண்டையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் எதிரி விழும்போதெல்லாம் எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளி சேர்ந்து, லெவல் ஏறி, ஸ்கில் ட்ரீ எனும் திறன் வரைபடத்தில் ஒரு கட்டம் திறப்பதைத் தவிர, அதை ஆர்.பி.ஜி. என்று சொல்ல வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. (அதே பிரிவில் தோற்றவர்களில் நானும் ஒருவன், அதை மறைக்க விரும்பவில்லை.)

1974-இல் வந்த, மேசையில் ஆடும் ஆர்.பி.ஜி.யான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே எக்ஸ்பியும் லெவலும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் 2007-இல் கால் ஆஃப் டியூட்டி 4 எனும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் மல்டிபிளேயரிலும் அவை இருந்தன, அதை ஆர்.பி.ஜி. என்று எவரும் வாதிடுவதில்லை. 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியம் எனும் ஆர்.பி.ஜி.யிலோ சண்டைக்கென்று தனி முறையே கிடையாது; பேச்சும் பகடையுமே ஆட்டம்.

வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ஆடுபவரின் விரலா, பாத்திரத்தின் திறனா என்பதையே முதலில் கேட்க வேண்டும். 2002-இல் வந்த மாரோவிண்டில் வாள் எலியின் உடம்பில் பாய்வது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் பாத்திரத்துக்கு வாள் பழக்கம் போதாவிட்டால் அடி விழுந்ததாகக் கணக்கில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே வாள் பிடிப்பது நாமல்ல, அந்தப் பாத்திரம். எல்டன் ரிங் விரல் வேகத்தை நிறையவே கேட்கிறது. எனினும் வலிமைப் புள்ளி குறைந்த பாத்திரத்தின் கையில் கனத்த வாள் சரிவர வேலை செய்யாததால், அதை ஆர்.பி.ஜி. என்று நான் ஒப்புக்கொள்வேன். 2018-இன் காட் ஆஃப் வாரில் கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் லெவல் உண்டு. ஆனால் யார் ஆடினாலும் அதன் நாயகன் கிரேடோஸ் அதே கிரேடோஸ்தான்.

கதை முடிவு மாறினால்தான் ஆர்.பி.ஜி. என்றும் நான் சொல்லவில்லை. நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி யாரை மணப்பாள் என்பது திடலில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயினும் நாரதரோடு அவள் செய்யும் தர்க்கத்தில், ஒத்திகையின்றி அன்றிரவு எழும் பதிலுக்காகவே கூட்டம் விழித்திருக்கிறது. வேடம் தரித்து வாள் சுழற்றிவிட்டுப் போகிறவருக்கும் அந்த வள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நடுவர்கள் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே, லெவலையும் ஸ்கில் ட்ரீயையும் எடுத்துவிட்டால் ஆட்டத்தின் கடினம் மட்டுமே மாறுமென்றால், அதை ஆக்‌ஷன் பிரிவுக்கு அனுப்புமாறும், இந்த விதியை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை மிகுந்தால் ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. என்று தனிப்பிரிவே வைக்கலாம். இம்முறையும் பெயர் கொடுக்கவிருக்கிறேன். எந்தப் பிரிவில் என்பதை உங்கள் படிவத்தைப் பார்த்த பின் முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
சென்ற ஆண்டுப் போட்டியாளர் ஒருவர்