அட்டை இருந்தால் போதுமாம்!

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மனநலக் கட்டுரையில் ஒரு வரி: "அமெரிக்காவில் இன்சூரன்ஸ் அட்டை இருந்தால் போதும், மீதியைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்." நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அந்த லட்சணத்தைத் தினமும் பார்ப்பவள்.

தற்கொலைக்கு முயன்ற ஒருவரைச் சேர்த்தால், கம்பெனி முதலில் சில நாளுக்கு அனுமதி தரும். அப்புறம் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் போனில் மன்றாட வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "சாப்பிட்டாரா? தூங்கினாரா? இன்றைக்கும் சாக வேண்டும் என்றாரா?" நர்ஸ் நல்ல மனதோடு 'மதியம் சிரித்துப் பேசினார்' என்று எழுதியிருந்தால் போச்சு. மறுநாளிலிருந்து பணம் கிடையாது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, நோயாளி வீடு திரும்ப வழி செய்வதுதான் என் வேலை என்று சொல்லிப் படிக்கவைத்தார்கள். இப்போது ஃபேக்ஸ் அனுப்புகிறேன், ஹோல்டில் ஓடும் பாட்டைக் கேட்கிறேன். மகனுக்காக மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "நம்ம ஊர்ப் பொண்ணு நீ, இன்னும் நாலு நாள் வச்சுக்கச் சொல்லும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனின் டிஸ்சார்ஜ் காகிதம் அப்போது என் மடியில்தான் இருந்தது.

சட்டம் இல்லையா என்பீர்கள். உடல்நோய்க்கும் மனநோய்க்கும் காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்று 2008லேயே சட்டம் வந்துவிட்டது. இத்தனை நாள்தான் என்று மனநோய்க்கு மட்டும் தனி வரம்பு போட முடியாது. அதனாலென்ன, 'மருத்துவத் தேவை இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெளியே போனவருக்காவது டாக்டர் கிடைப்பாரா? 2023இல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு, முதியோருக்கான தனியார் மெடிகேர் காப்பீட்டுத் திட்டங்களின் பட்டியல்களில் இருந்த 120 மனநலச் சிகிச்சையாளர்களைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தது. நூற்றுக்கு 18 அழைப்புகளில்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. பட்டியல் மட்டும் பார்க்க அழகாக இருக்கும்.

'இந்தியாவிலும் இப்படி வர வேண்டும்' என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 21ஆம் பிரிவை அவர் புரட்டியிருக்கலாம். மனநோய்க்கும் சமமான காப்பீடு தர வேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. எழுதிவைத்ததை யார், எப்படித் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதல்லவா கேள்வி?

உங்கள் பத்திரிகையிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது என் தவறோ என்னவோ. கட்டுரைப் படத்தில் இருந்த சமூகப் பணியாளரை 'நர்ஸ்' ஆக்கிவிட்டீர்கள். அதே இதழின் ஜோக் பக்கத்தில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' சிரிக்கிறது. இதைப் பற்றி முன்பே எழுதினேன். பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வெளியிட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். மகிழ்ச்சி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரிக்கும் படக்குறிப்புக்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ஜோக் பக்கத்துக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
நியூ ஜெர்சி