பனி வீதியில் ஃபோர் வீல்: கனடாவின் கல்கரியில் இருக்கும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நீ பாவித்த டகோமா பிக்கப் ஒன்றை வாங்கியிருப்பதையும், அதில் ஃபோர் வீல் இருப்பதால் இந்தப் பனிக்காலத்தில் ரெட் டியர் நகரத்துக்கு இரவு வேலைக்குப் போய்வருவதில் இனிப் பயமில்லை என்று நீ சொன்னதையும் அம்மா மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார். வாகனம் நல்ல தெரிவு. ஆனால் உன் பயம் முழுவதும் போய்விட்டது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். எழுதி அனுப்பினால், முதல் பனி விழும் வாரத்தில் நீ ஒருமுறை எடுத்து வாசிக்கலாம்.

பனியில் நான் வாகனம் ஓடியதில்லை. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பஞ்சிகாவத்தையில் கியர்ப்பெட்டிகளோடு கழித்தவன் என்ற வகையிலும், வன்னியின் மாரிகாலச் சேற்றிலிருந்தும் மலைநாட்டுத் தோட்டப் பாதைகளிலிருந்தும் வந்த ஜீப்புகளின் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் என்ற வகையிலும், அந்தப் பெட்டியால் எது முடியும், எது முடியாது என்பதை நான் அறிவேன். கீழே கிடப்பது சேறானாலும் பனியானாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான்: எஞ்சினின் இழுவையை இரண்டு சில்லுகளுக்குப் பதிலாக நான்கு சில்லுகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதனால் நின்ற இடத்திலிருந்து வாகனம் வழுக்காமல் புறப்படும், ஏற்றத்தில் ஏறும், குவிந்த பனியை உழுது வெளியே வரும். அதன் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. பிறேக் எந்த வாகனத்திலும் நான்கு சில்லுக்கும் உண்டு. உன்னிடம் முன்பு இருந்த சிறிய காருக்கும் இருந்தது, இந்தப் பிக்கப்புக்கும் இருக்கிறது. ஃபோர் வீல் போடுவதால் புதிதாக ஒரு பிறேக் வந்து சேர்வதில்லை. சில்லின் அடியில் ரயர் வீதியைப் பற்றிப் பிடிக்கும் அளவு எவ்வளவோ அவ்வளவுதான் வாகனம் நிற்கவும் வளையவும் முடியும்.

இதிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பின்சில்லு மட்டும் இழுக்கும் வாகனம் சந்தியில் பச்சை விளக்கு விழுந்து புறப்படும்போது சற்றே வழுக்கி, வீதி எப்படி இருக்கிறது என்பதைத் தன் சாரதிக்குச் சொல்லிவிடும். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும்போது அந்த வழுக்கல் தெரியாது. வாகனம் காய்ந்த வீதியில் போவதுபோல உறுதியாகப் போகும். சாரதியும் வீதி நன்றாக இருக்கிறது என்று நம்பி வேகத்தைக் கூட்டுவார். முன்னால் ஒரு லொறி நிற்பதைக் கண்டு பிறேக்கில் கால் வைக்கும்போதுதான் அந்த வீதியின் உண்மை நிலை முதன்முதலாக அவருக்குத் தெரியவரும். ஆகையால் நீ அந்தச் செய்தியை வேறு வழியில் கேட்டுப் பெற வேண்டும். பின்னால் வாகனம் எதுவும் இல்லாத நேரான வீதியில், மெதுவாகப் போகும்போது, பிறேக்கை ஒருமுறை மெல்ல அழுத்திப் பார். சில்லு பூட்டி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிறேக் அமைப்பு கால் மிதியில் நடுங்குவது உடனே தெரிந்தால் வீதி வழுக்குகிறது என்று பொருள். ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும், இரவில் குளிர் இறங்கிய பிறகும் இதைச் செய்.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்; நீ கணக்கை மதிப்பவள். காய்ந்த தார் வீதியில் ரயரின் பிடியை, அதாவது உராய்வுக் குணகத்தை, 0.7 என்றும், இறுகிய பனியில் 0.2 என்றும், ஐஸில் 0.1 என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் பிறேக் பிடித்த பிறகு நிற்பதற்குக் காய்ந்த வீதியில் ஏறத்தாழ 36 மீற்றரும், பனியில் 126 மீற்றரும், ஐஸில் 250 மீற்றரும் தேவைப்படும். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போகும்வரை ஓடும் தூரம் இதற்கு மேலதிகம். அதே பனியில் வேகம் 60 ஆக இருந்தால் 126 என்பது 71 ஆகக் குறைந்துவிடும். 20 கிலோமீற்றர் வேகத்தைக் குறைத்ததில் 55 மீற்றர் கிடைக்கிறது. உலகத்தில் உள்ள எந்த ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் உனக்கு அந்த 55 மீற்றரைத் தராது.

அந்தப் பிடியைக் கூட்ட உன் கையில் இருக்கும் ஒரே பொருள் ரயர். ஃபோர் வீல் இருக்கிறதே, பனிக்கால ரயர் எதற்கு என்று அங்கே யாராவது சொன்னால் கேட்காதே. கோடைகால ரயரின் றப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகப்போக இறுகி, வீதியைப் பற்றும் தன்மையை இழக்கிறது; பனிக்கால ரயரின் றப்பர் கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார். சேற்றையும் பனியையும் குறிக்கும் எம், எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. உன் மாகாணமான அல்பேர்ட்டாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதால் நீயே உனக்குச் சட்டமாக இருந்துகொள். நான்கையும் ஒன்றாக மாற்று, ரயரின் வெட்டு 4 மில்லிமீற்றர் ஆழத்துக்கு அருகே தேய்ந்துவிட்டால் பனிக்கு அது உதவாது. காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனென்றால் வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரயரில் ஏறத்தாழ ஓர் இறாத்தல் காற்று குறையும். 20 பாகையில் சரியாக அடித்த ரயர், சுழியத்துக்குக் கீழே 20 ஆகும்போது ஏழு இறாத்தல் குறைந்து நிற்கும்.

இனி உன் பிக்கப்பில் ஃபோர் வீலைப் போடவும் கழற்றவும் திருப்பும் குமிழ்பற்றிச் சொல்கிறேன். மருமகனின் சுபாரு காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் வேக வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் பாகம் ஒன்று இருக்கிறது. அவர் எந்தக் குமிழையும் தொடத் தேவையில்லை. உன் வண்டி அப்படியானதல்ல. நீ 4 ஹை என்ற இடத்துக்குத் திருப்பியவுடன் சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும் என்ற நிலைக்கு வருகின்றன. நேராகப் போகும்போது இதனால் தொல்லை இல்லை. வளையும்போது முன்சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின்சில்லுகள் சிறிய வட்டத்திலும் போகின்றன. உன் வண்டியின் நீளத்துக்கு, முன்சில்லு 6 மீற்றர் ஆரையில் வளைந்தால் பின்சில்லு ஏறத்தாழ 5 மீற்றர் ஆரையில்தான் வளையும். வேறுபட்ட தூரம், ஆனால் ஒரே சுழற்சி. பனியில் என்றால் ஏதாவது ஒரு சில்லு சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரிலோ சீமெந்திலோ வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பெட்டியிலும் ஏறும், ஸ்ரேரிங் கனக்கும், வண்டி பிடித்து வைத்ததுபோல் திணறும். வன்னியில் சேற்றுக்காகப் போட்ட ஃபோர் வீலைக் கழற்றாமல் கண்டி வீதியில் கொழும்புவரை ஓடிவந்து, உள்ளே சங்கிலியும் பல்லும் தேய்ந்த பெட்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

உன் ஊரில் இது சிக்கலான விடயம் என்பதை நான் அறிவேன். ரொக்கி மலைகளைத் தாண்டி வரும் சினூக் காற்று சில மணி நேரத்துக்குள் வெப்பத்தை 20 பாகை உயர்த்திப் பனியை உருக்கிவிடுகிறது. உருகிய நீர் இரவில் மறுபடி உறைகிறது. இதனால் இரண்டாம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீற்றர் காய்ந்தும், அடுத்த கிலோமீற்றர் ஐஸாகவும், அதற்கு அடுத்தது காற்று வாரிக்கொண்டு வந்த பனியாகவும் கிடக்கும். இப்படியான வீதியில் எதைப் போடுவது? வீதியைப் பனி தொடர்ந்து மூடியிருந்தால் 4 ஹை போடு. பெரும்பகுதி காய்ந்து அங்கங்கே மட்டும் ஐஸ் இருந்தால் 2 வீலில், வேகத்தைக் குறைத்துப் போ. இரண்டும் சரிபாதியாகக் கலந்து கிடக்கும் நேரான வீதியில் 4 ஹை சிறிது நேரம் கிடந்தாலும் பெட்டி கெட்டுவிடாது; வழுக்கும் இடம் வரும்போதெல்லாம் முறுக்கம் தளர்ந்துவிடும். ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் காய்ந்த வளைவுக்கோ வாகனத் தரிப்பிடத்துக்கோ வருமுன் 2 வீலுக்குத் திருப்பிவிடு. ஓடும்போதே மாற்றலாம், எந்த வேகத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள். அந்த நெடுஞ்சாலையில் 110இல் போக அனுமதி உண்டு என்று நீ சொல்லியிருக்கிறாய். 4 ஹை தேவைப்படும் நிலையில் உள்ள வீதி 110இல் ஓடக்கூடிய வீதியல்ல. கை குமிழைத் திருப்பும்போதே கால் வேகத்தைக் குறைக்கட்டும். மேம்பாலங்களின் மேல் இன்னும் கவனம் தேவை. மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் பாலம் மற்ற வீதிக்கு முன்பே உறைந்துவிடும், அந்த ஐஸ் ஈரத் தார்போலவே கறுப்பாகத் தெரியும். அதன்மேல் ஸ்ரேரிங்கை வெட்டவோ பிறேக்கை மிதிக்கவோ வேண்டாம். வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் கொன்ட்றோலைப் பனிக்காலம் முழுவதும் மறந்துவிடு.

2 வீலில் போகும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். பிக்கப்பின் பின்பெட்டி வெறுமையாக இருந்தால் இழுக்கும் சில்லுகளின் மேல் பாரம் இல்லை. பின்பக்கம் எளிதில் விலகிப் போகும். மணல் மூட்டைகள் சிலவற்றைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, அசையாதபடி இறுக்கிக் கட்டு. மாட்டிக்கொண்டால் அதே மணலைச் சில்லின் அடியில் தூவவும் உதவும். கடுகண்ணாவை இறக்கத்தில் சிறிய கியரில் இறங்க வேண்டும் என்று நான் உனக்குப் பழக்கியிருக்கிறேன், நீ நன்றாகவே இறங்குவாய். ஐஸ் இறக்கத்தில் 2 வீலில் அதைத் திடீரென்று செய்தால் எஞ்சினின் தடை பின்சில்லுகளில் மட்டும் விழுந்து வண்டியின் வால் சுற்றிவிடும். அந்த இறக்கத்துக்கு முன்பே 4 ஹை போட்டு, கியரைப் படிப்படியாகக் குறைத்தால் எஞ்சினின் தடை நான்கு சில்லுக்கும் பிரிந்து போகும். ஃபோர் வீல் வேகத்தைக் குறைக்க உதவும் இடம் இது ஒன்றுதான்.

4 லோ என்பது பயணத்துக்கானதல்ல. வண்டியை முற்றாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் அதைப் போட வேண்டும். சில்லு ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாகவும் அதே அளவு பலமாகவும் சுழலும். ஆழமான பனியில் சிக்கினால் மட்டும் எடு. நம் சேற்றில் சிலர் அக்சிலேற்றரை அழுத்தி, சில்லைச் சுழற்றி மண்ணை வாரியிறைத்து வெளியே வருவார்கள். பனியில் அப்படிச் சுழற்றினால் சில்லின் சூட்டில் பனி உருகி, மினுங்கும் ஐஸாகி, நிலைமை மோசமாகும். மெல்ல முன்னே, மெல்லப் பின்னே என்று வண்டியை ஆட்டி எடு. அதற்கு முன் இறங்கிப் போய்ச் சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, அடைத்திருந்தால் அகற்று. அடைபட்ட குழாயோடு எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருந்தால் கார்பன் மொனொக்சைட்டு வண்டிக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நீ தாதி, அதன் விளைவை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. சவளும் கம்பளியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறையாவது, ஏறத்தாழ 16 கிலோமீற்றர், பனி படிந்த நேர்வீதியில் 4 ஹையில் ஓடு. முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேரும், தேவையான நாளில் குமிழ் வேலை செய்யாமல் நிற்காது. வாங்கிய வண்டியின் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியிலும் அச்சின் இரு சில்லுகளுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் முன், பின் டிஃபரன்ஷியல்களிலும் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் மூன்றையும் இப்போதே மாற்றிவிடு. வீதியில் போடும் உப்பு அடிப்பகுதியைத் தின்னும், ஆகவே அடிக்கடி கீழே கழுவ வேண்டும். காலி வீதியின் கடற்கரைப் பக்கம் நிற்கும் வாகனங்கள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்பதை நீ சிறுவயதிலிருந்தே பார்த்தவள். மருமகனிடமும் ஒன்று சொல்: அவருடைய காரில் ஒரு ரயர் வெடித்தால் புதிதாக ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுவிடக் கூடாது. தேய்ந்த மூன்றோடு புதியது ஒன்று சேர்ந்தால் சுற்றளவு வேறுபட்டு, நான்கு சில்லையும் இணைக்கும் பாகம் ஓயாமல் உழைத்துக் கெட்டுவிடும்.

முதல் பனி விழுந்ததும், பகலில், ஆளில்லாத பெரிய தரிப்பிடம் ஒன்றுக்குப் போ. மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்து 2 வீலில் ஒருமுறை பிறேக் பிடி. பிறகு 4 ஹையில் அதே வேகத்தில், அதே இடத்தில் பிறேக் பிடி. இரண்டிலும் எங்கே நிற்கிறாய் என்பதை நடந்து அளந்துபார். புறப்படுவதையும் வளைவதையும் அப்படியே இரண்டிலும் செய்துபார். அளந்த தூரங்களையும், கையேட்டில் 4 ஹை மாற்றுவதற்குச் சொல்லியிருக்கும் வேகத்தையும், இப்போது இருக்கும் ரயரின் வெட்டு எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் எனக்கு எழுதி அனுப்பு. ரயர் வாங்கக் காசு குறைவாக இருந்தால் அதையும் தயங்காமல் எழுது. இரவு வேலைக்குப் புறப்படுமுன் வீதி நிலைமையை அறிவிக்கும் 511 சேவையில் நிலைமையைப் பார். போகக் கூடாது என்று அது சொல்லும் இரவில் வேலையிடத்துக்கு அறிவித்துவிட்டு வீட்டில் இரு.

அன்புடன்,
அப்பா