பிலிப்பைன்ஸ் போகும் தும்பு மெஷினுக்கு எந்த மோட்டார்?

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் நலம். இங்கே சாரல் விட்டபாடில்லை. ஈத்தாமொழிப் பக்கம் களத்தில் போட்ட தும்பு (தேங்காய் நார்) காயாமல் கிடக்கிறது.

பிலிப்பைன்ஸின் தாவோ நகரத்துக்குத் தும்பு மெஷின் அனுப்பப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் "அங்கே 220 வோல்ட்தானாம், ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதாதா" என்று கேட்டிருக்கிறாயே, அது போதாது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். இங்கே சப்ளை 50 ஹெர்ட்ஸ், பிலிப்பைன்ஸில் 60; டிரான்ஸ்பார்மர் அதை மாற்றாது. இங்கே நிமிடத்துக்கு 1440 சுற்றும் 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டார் அங்கே 1730 சுற்றும். புல்லியை மாற்றாமல் அனுப்பினால் அடிக்கும் டிரம்மின் வேகம் 1.2 மடங்காகும், பற்களை வெளியே இழுக்கும் விசை 1.44 மடங்காகும். தூசி புளோயர் இன்னும் மோசம், அது கேட்கும் பவர் 1.73 மடங்கு. ஆகவே மோட்டார் புல்லி 6 இஞ்சு என்றால் 5 இஞ்சு போடு. பி அளவு வி-பெல்ட்டுக்கு அதற்குக் கீழே போகாதே. பெல்ட் தளர்வை மோட்டார் ஸ்லைடில் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது வைண்டிங். வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார், அதுதான் மோட்டாரின் உயிர். சல்லடையில் இருக்கும் 3 எச்.பி. மோட்டார் ஸ்டாரில் 415 வோல்ட் (ஸ்டார், டெல்டா இரண்டும் வைண்டிங் முனைகளை இணைக்கும் முறைகள்). டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது 4.8. தாவோவில் 220ஐ 60ஆல் வகுத்தால் 3.67தான். இழுவை இந்த விகிதத்தின் வர்க்கப்படி 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெறுமனே ஓட்டினால் ஒன்றும் தெரியாது. கதம்பல் (தேங்காய் மட்டை) விழுந்து லோடு ஏறியதும் வேகம் குறையும், ஆம்ப்ஸ் ஏறும், வார்னிஷ் வாசம் வரும். எனவே டெல்டாவுக்கு ரீவைண்டிங் செய்யச் சொல்: காயிலுக்கு 100 சுற்று இருந்தால் 76, கம்பி 22 கேஜ் என்றால் 21. ஸ்லாட்டில் அதே இடத்தில் அடங்கும்.

டிரான்ஸ்பார்மர்தான் என்று வாங்குகிறவர் பிடிவாதம் பிடித்தால் செகண்டரி (மின்சாரம் வெளிவரும் பக்கம்) 415 வோல்ட் அல்ல, 480 கேள்; அப்போது பழைய வைண்டிங்கே போதும். டிரம்மை ஓட்டும் 30 எச்.பி. மோட்டாருக்கு அந்த எடையும் செலவும் வீண். அதற்கு 220 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மோட்டாராகவே ஆர்டர் கொடுத்து வாங்கு. டிரைவ் (ஹெர்ட்ஸை மாற்றும் மின்னணுக் கருவி) போட்டு 50 ஹெர்ட்ஸில் ஓட்டலாமே என்பாய். 220 சப்ளையில் இருக்கிற டிரைவ் 220க்கு மேல் கொடுக்காது. 415 மோட்டாரை அது இழுக்காது.

பேனலில் பலரும் கோட்டைவிடுவார்கள். 3 எச்.பி.க்கு இங்கே 5 ஆம்ப்ஸுக்குள் போனது அங்கே 9 ஆகும், 30 எச்.பி.க்கு 40 போனது 75ஐத் தொடும். கேபிள், கான்டாக்டர் (மோட்டாரை ஆன் செய்யும் காந்த சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே மூன்றும் அந்த அளவுக்கு வேண்டும். 240 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கான்டாக்டர் காயிலை அங்கே மாட்டினால் இழுப்பு போதாமல் கான்டாக்டர் கடகடவென்று அதிரும், கான்டாக்ட் முனை கருகும். 24 வோல்ட் டிசி காயில் போட்டு எஸ்.எம்.பி.எஸ். (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை) வைத்துவிடு, அது 50, 60 இரண்டிலும் வேலை செய்யும். அங்கே பல இடங்களில் நியூட்ரல் வராது, 220 என்பதே இரண்டு பேஸுக்கு இடையில் இருக்கும். கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு இரட்டை போல் பிரேக்கர் கட்டாயம். வோல்ட், ஹெர்ட்ஸ், நியூட்ரல் உண்டா இல்லையா, மூன்றையும் மில்லில் இருந்து எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கு.

இலங்கை ஆர்டருக்கு இந்தத் தலைவலி இல்லை. 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் மோட்டார் அப்படியே போகும்.

ரீவைண்டிங் முடிந்ததும் நம் லைனில் 220 கொடுத்துச் சோதிக்காதே. 50 ஹெர்ட்ஸில் மோட்டாரின் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்து நோ-லோட் ஆம்ப்ஸ் எகிறும், வைண்டர் மேல் வீண் பழி வரும். வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) 183 வோல்ட் வைத்துப் பார். லோடு டெஸ்ட்டுக்கு ஒரு 415 டிரைவில் பேஸ் வோல்டேஜ் 220, பேஸ் ஃப்ரீக்வென்சி 60 என்று செட் செய்து, கதம்பல் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டு. ரீடிங் எடுத்ததும் மூன்று பேஸ் ஆம்ப்ஸையும் எனக்கு எழுது, தூத்துக்குடிக்கு ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்