ஜோடி என்றால் இரண்டு பேர்: உலக பேட்மின்டன் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். கோலாலம்பூரில் இருக்கும் உங்களுக்கு நெதர்லாந்து வீராங்கனை ஒருவரைப் பற்றியும், அவரைப் போன்ற இரட்டையர் ஆட்டக்காரர்களுக்கு நீங்கள் தரும் பரிசுப் பணத்தைப் பற்றியும் தமிழில் எழுதுகிறேன். அந்த வீராங்கனையின் பெயர் செலேனா பீக். 2016 ஆகஸ்டில் அவர் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் இருந்தது.

ரியோ ஒலிம்பிக். பெண்கள் இரட்டையரில் எங்கள் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் முதல் ஆட்டத்தில் ஜப்பான் ஜோடியிடம் தோற்றிருந்தார்கள். அடுத்தது நெதர்லாந்து. முந்தைய ஆண்டுதான் கனடா ஓபன் இறுதியில் இதே ஏஃபியே முஸ்கென்ஸ் – செலேனா பீக் ஜோடியை நேர் கேம்களில் வென்று பட்டம் வாங்கியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் டிவி முன் உட்கார்ந்தேன். 16-21, 21-16, 17-21. எங்கள் கதை அங்கேயே முடிந்தது. மூன்றாவது கேமில் அந்த நெதர்லாந்துப் பெண்கள் ஒரு ஷட்டிலைக்கூடச் சும்மா விடவில்லை. யார் இவர்கள் என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன், அப்புறம் நிறுத்தவேயில்லை.

அந்த ஜோடி கால் இறுதி வரை போனது. பிறகு வெண்கலம் வாங்கிய கொரியாவின் ஜங் கியுங் உன் – ஷின் சுங் சான் ஜோடியிடம் மூன்று கேம் ஆடித் தோற்றது. அதே ரியோவில் பீக் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். யாக்கோ ஆரென்ட்ஸுடன் கலப்பு இரட்டையர். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகள், இரண்டு துணைகள். முஸ்கென்ஸோடு ஆடும்போது முன்னாலும் பின்னாலும் மாறி மாறி நிற்க வேண்டும். ஆரென்ட்ஸோடு ஆடும்போது பெரும்பாலும் நெட்டைக் காக்க வேண்டும். காலையில் ஒரு ஆட்டம், மாலையில் வேறொரு ஆட்டம் என்று மனசை மாற்றிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது வார இறுதியில் உள்ளூர் அரங்கில் ஆடுகிற எனக்கே தெரியும்.

ரியோவுக்குப் பிறகு முஸ்கென்ஸ் விளையாட்டை விட்டு ஒதுங்கினார். ஒற்றையர் ஆடுபவருக்கு இப்படி ஒரு நிலைமை வராது. உங்கள் தரவரிசையில் இரட்டையருக்கான புள்ளிகள் ஜோடியின் பெயரில் சேர்கின்றன. 52 வாரங்களில் அந்த ஜோடி நன்றாக ஆடிய பத்துத் தொடர்களின் கணக்கு அது. துணை போனால் அந்தக் கணக்கும் முடிந்தது. பீக்குக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒலிம்பிக் கால் இறுதி ஆடியவர், புதிய துணையோடு புதிய பெயர்வரியில் ஏற வேண்டியிருந்தது. பெண்கள் இரட்டையரில் ஷெரில் சைனன் சேர்ந்தார், கலப்பு இரட்டையரில் ராபின் தாபெலிங். இருவரோடும் டோக்கியோ ஒலிம்பிக் போனார், மறுபடி இரண்டு பிரிவுகள். தாபெலிங்குடன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கும் ஆடினார். மூன்று ஒலிம்பிக், நான்கு துணைகள். கால்பந்தும் ஐஸ் ஸ்கேட்டிங்கும் சைக்கிளும் ஆளுகிற ஒரு நாட்டில் ஒருவர் பேட்மின்டன் இரட்டையரை மட்டுமே நம்பி இத்தனை வருஷம் நின்றிருக்கிறார்.

நான் உங்களுக்கு எழுதக் காரணமான நாள் 2022 அக்டோபர் 30. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டங்கள். கலப்பு இரட்டையரில் சீனாவின் ஜெங் சிவெய் – ஹுவாங் யாச்சியோங். மூன்று முறை உலக சாம்பியன்கள். எதிரில் தாபெலிங்கும் பீக்கும். சீன ஜோடி சுலபமாக முடித்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள், நானும்தான். மூன்று கேம் போனது. நெதர்லாந்து ஜோடி தோற்றது, ஆனால் உலகின் முதல் ஜோடியைக் கடைசி வரை ஓட வைத்தது. ஆறு வருஷத்துக்கு முன் நான் கோபப்பட்ட அதே ஆளுக்காக அன்றைக்குக் கை தட்டினேன்.

அன்றைக்கு எங்களுக்கு வேறு சந்தோஷங்களும் இருந்தன. ஆண்கள் இரட்டையரில் சாத்விக்சாய்ராஜும் சிராக் ஷெட்டியும் பட்டம் வென்றார்கள். பெண்கள் இரட்டையரில் மலேசியாவின் பேர்லி டான் – தீனா முரளிதரன். தீனா நம் மலேசியத் தமிழ்ப் பெண் என்பதால் எங்கள் வாட்ஸ்அப் குழு அன்று ஓயவேயில்லை. ஆண்கள் ஒற்றையரில் விக்டர் அக்செல்சென், பெண்கள் ஒற்றையரில் ஹே பிங்ஜியாவ்.

ராத்திரி எல்லாம் அடங்கியதும் உங்கள் பரிசுப் பங்கீட்டு அட்டவணையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். தொடரின் மொத்தப் பரிசு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றையர் சாம்பியனுக்கு 7 டாலர். இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7 டாலர் 40 சென்ட். பார்த்தவுடன் இரட்டையருக்குக் கூடுதல் போலத் தெரியும். ஆனால் அது இரண்டு பேருக்கு. அக்செல்செனுக்கு 7 என்றால் சாத்விக்குக்கு 3.70, தீனாவுக்கு 3.70. இறுதியில் தோற்ற ஒற்றையர் ஆட்டக்காரருக்கு 3.40. இறுதியில் தோற்ற ஜோடிக்கு 3.50, அதாவது பீக்குக்கு 1.75. அரையிறுதியில் இன்னும் மோசம். ஒற்றையரில் ஒருவருக்கு 1.40, இரட்டையரில் இருவருக்கும் சேர்த்தே அதே 1.40. முதல் சுற்றிலும் இதே கதைதான். ஒற்றையரில் ஒருவருக்குப் பத்து சென்ட், ஜோடிக்கும் பத்து சென்ட்.

நூறு டாலரில் பத்து சென்ட் என்பது நிஜத்தில் எவ்வளவு? 2025 மலேசியா ஓபனின் மொத்தப் பரிசு 14,50,000 டாலர். உங்கள் பெரிய தொடர்களில் இதுவும் ஒன்று. அதில் முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 1,450 டாலர். ஆளுக்கு 725. உலகின் சிறந்த 32 ஜோடிகளில் ஒன்றாக நுழைந்து, ஐரோப்பாவிலிருந்து கோலாலம்பூர் வரை பறந்து வந்து, பயிற்சியாளர் செலவும் அறை வாடகையும் போக, அதில் என்ன மிஞ்சும்? பெரிய ஸ்பான்சர் இருக்கும் நாட்டில் சமாளிக்கலாம். சிறிய சங்கங்களின் ஆட்டக்காரர்கள் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் கிளப் லீக் ஆடித்தான் ஈடுகட்டுகிறார்கள்.

மொத்தத்தில் 61 விழுக்காட்டுக்கு மேல் இரட்டையருக்குத்தானே போகிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், 61.2. ஆனால் 32 பேர், 32 ஜோடிகள் கொண்ட தொடரில் ஒற்றையர் இரண்டு பிரிவிலும் சேர்த்து 64 இடங்கள். இரட்டையர் மூன்று பிரிவிலும் சேர்த்து 192 இடங்கள். நான்கில் மூன்று பங்கு ஆட்களுக்கு ஐந்தில் மூன்று பங்கு பணம். சராசரி போட்டால் இரட்டையரில் ஓர் இடத்துக்கு வருவது ஒற்றையரில் வருவதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஒற்றையரில் முழுக் கோர்ட்டையும் ஒருவரே ஓடிக் காக்க வேண்டும், உடல் உழைப்பு கூடுதல் என்ற வாதமும் எனக்குத் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது. அதற்காகத்தான் நான் சரிசமம் கேட்கவில்லை. ஆனால் கூட்டம் ஒற்றையருக்குத்தான் வருகிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் இந்தோனேசியாவின் இரட்டையர் ஜோடி மார்கஸ் கிடியோனும் கெவின் சஞ்சயாவும் இறங்கியபோது எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாடுகள் அணியாக மோதும் உங்கள் சுதிர்மான் கோப்பையிலேயே ஐந்து ஆட்டத்தில் மூன்று இரட்டையர்தான்.

இரட்டையரில் அபாயமும் இரண்டு மடங்கு. துணைக்குக் கணுக்கால் சுளுக்கினால் இருவருக்கும் அந்த வாரம் போச்சு. துணை ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்பதைப் பீக்கின் கதையில் பார்த்தோம்.

2023-இல் தொடங்கிய உங்கள் உலகச் சுற்றுத் (வேர்ல்ட் டூர்) தொடர்களின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த காலத்துக்கான கணக்கில் இரண்டு விஷயங்களைச் சேர்க்கக் கேட்கிறேன்.

முதலில், முதல் சுற்றுப் பரிசை ஆள் கணக்கில் கொடுங்கள். ஒற்றையரில் தோற்றவருக்கு என்ன கிடைக்கிறதோ அது இரட்டையரில் தோற்ற ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். இதற்கு எவ்வளவு ஆகும் என்றும் பார்த்துவிட்டேன். மூன்று பிரிவுகளிலும் முதல் சுற்றில் தோற்பவை 48 ஜோடிகள். கூடுதலாகத் தேவைப்படுவது மொத்தப் பரிசில் 4.8 விழுக்காடு. மலேசியா ஓபன் அளவுத் தொடரில் 69,600 டாலர். அங்கே ஒற்றையர் சாம்பியன் ஒருவருக்குத் தருவது 1,01,500. எந்தச் சாம்பியன் பணத்திலும் கை வைக்கச் சொல்லவில்லை. பரிசுத் தொகை உயரும்போது, உயரும் பகுதியிலிருந்து முதலில் இதை எடுத்து வைத்தால் போதும். அரையிறுதியை அதற்கடுத்த ஆண்டு பாருங்கள்.

இரண்டாவது சின்ன விஷயம், செலவே இல்லாதது. பரிசு அட்டவணையில் இரட்டையருக்கு ஜோடித் தொகையை மட்டும் போடுகிறீர்கள். பக்கத்திலேயே ‘ஒருவருக்கு’ என்று இன்னொரு பத்தி சேர்த்து, 725 என்றால் 725 என்று அச்சிடுங்கள். பேட்மின்டனில் மகளைச் சேர்க்க நினைக்கிற அப்பா அம்மாவும், சங்கங்களும், ஸ்பான்சர்களும், நீங்களும் அதைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஞாயிறுதோறும் இரட்டையர் மட்டுமே ஆடும் ஒரு தமிழ் ரசிகன்