இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்த வேலூருக்கு நன்றி

அன்புள்ள வேலூர் மக்களுக்கும், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டையிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவாக, ஜூலை 10ஐ ஒட்டிய சனியும் ஞாயிறும் நடத்திய விழா நல்லபடியாக முடிந்தது. பந்தல் பிரித்தாயிற்று. வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. ஞாயிறு மேடையில் நன்றி சொல்ல எழுந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சொல்ல நினைத்ததில் பாதிகூடச் சொல்லவில்லை. "என் பேரைப் போடாதீங்க டீச்சர்" என்று பலர் கேட்டுக்கொண்டதால், யாருடைய பெயரும் இல்லாமல் அவரவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் கொசப்பேட்டைப் பெரியவருக்கு. 350 அகல் வேண்டும் என்று போய் நின்றோம். கார்த்திகைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறதே, எதற்கு என்றார். 1806இல் கோட்டைக்குள் செத்துப்போன சிப்பாய்கள் ஏறத்தாழ அத்தனை பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு விளக்கு வைக்கப்போகிறோம் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "துட்டு இன்னாத்துக்கு? மண்ணு ஏரியில கெடக்குது, கை எங்கிட்ட கெடக்குது" என்றார். சூளைக்கு ஆன விறகுக் காசை மட்டும் வற்புறுத்தித்தான் கொடுக்க முடிந்தது.

அந்த அகல்களைச் சனி இரவு, அதாவது ஞாயிறு பிறக்கும் இரண்டு மணிக்கு, அகழிக்கு வெளியே நடைபாதையோரம் வைத்தோம். 1806 ஜூலை 10 அன்று முதல் துப்பாக்கி வெடித்தது அந்த நேரத்தில்தான். பகலில் நடத்தினால் கூட்டம் வரும், நடுராத்திரியில் யார் வருவார்கள் என்று எங்கள் குழுவிலேயே பேச்சு இருந்தது. ஐம்பது பேர் வந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றரை மணிக்குப் பார்த்தால் கோட்டை எதிரில் வண்டி நிறுத்த இடமில்லை. தூக்கத்தில் தலை சாய்ந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய். சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே வந்த மூன்று பாட்டிகள். மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியே படுத்திருந்த ஒரு வெளியூர்க்காரர், என்ன ஏது என்று கேட்டவர், எங்களோடு சேர்ந்து திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டு வந்தார். உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

புரட்சிக்குத் தலைமை தாங்கிய நான்கு பேரின் பெயர்களை வாசித்தோம். சுபேதார், ஜமேதார் என்பவை படையில் இந்தியர்கள் வகித்த அதிகாரிப் பதவிகள். சுபேதார் ஷேக் ஆதம், சுபேதார் ஷேக் ஹமீது, ஜமேதார் ஷேக் உசேன், ஜமேதார் ஷேக் காசிம். வாசித்தவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அதற்குப் பிறகு வாசிக்க எங்களிடம் பெயர்கள் இல்லை. அவள் தாளை மடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த நேரம் ஒருவரும் கைபேசியைத் தூக்கவில்லை, கை தட்டவில்லை. அகழித் தண்ணீரில் விளக்குகள் ஆடின. முப்பது வருஷம் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது.

நாடகத்துக்குத் தலைப்பாகை தைத்த லாங்கு பஜார் தையற்காரருக்கு ஒரு தனிக் கடன் பட்டிருக்கிறோம். நாடகமே அந்தத் தலைப்பாகையைப் பற்றியதுதான். 1805 நவம்பரில் ஆங்கிலேயக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் போட்ட புது உத்தரவு: நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒழுங்காக வெட்ட வேண்டும், தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் செருகிக்கொள்ள வேண்டும். எதிர்த்துப் பேசிய இரண்டு பேர், ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், கசையடி பட்டு வேலையிழந்தார்கள். குஞ்சத்தைக் கறுப்புக் காகிதத்தில் செய்துவிடலாம், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றுதான் நாங்கள் சொன்னோம். தையற்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைங்க கையில நிஜத் தோலைக் குடுங்க. தலையில வைக்கும்போதுதான் அவங்க ஏன் கொதிச்சாங்கன்னு புரியும்" என்றார். ஆம்பூரிலிருந்து தோல் துண்டு வரவழைத்து, பன்னிரண்டு தலைப்பாகைக்கும் அவரே வெட்டிச் செருகினார். ஒத்திகையில் அதைக் கையில் வாங்கிய பையன் ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் வைக்கத் தயங்கினான். இயக்கியவர் அந்தத் தயக்கத்தை அப்படியே காட்சியில் வைத்துவிட்டார். சனி மாலை நாடகத்தில் எல்லாரும் பேசியது அந்தக் காட்சியைத்தான்.

அதே மாலை ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டதே, நினைவிருக்கும். மேடைத் துணி நனைந்து, ஒலிபெருக்கி நின்று, பிள்ளைகள் வேஷத்தோடு ஒதுங்கி நின்றார்கள். எங்களுக்கு ஒலி அமைத்துத் தருவதாக முன்பணம் வாங்கியவரும் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துக்காரர் தானாக வந்து பூட்டைத் திறந்துவிட்டார். மறுநாள் முகூர்த்தம், வாழைமரம் கட்டி, மணவறை ஜோடித்து முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் சம்மதித்ததோடு நிற்காமல், எங்கள் பிள்ளைகளுக்குக் காப்பியும் கொடுத்தார்கள். 1806இலும் புரட்சிக்கு முந்தைய நாள் கோட்டைக்குள் ஒரு கல்யாணம், அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில், அவர் மகளுக்கு. அந்தக் கூட்டத்தைச் சாக்காக வைத்துத்தான் சிப்பாய்கள் இரவு கோட்டையிலேயே தங்கினார்கள். அதை நாடகத்தில் காட்டும்போது பின்னால் நிஜ மணவறை நின்றது. மணமக்கள் நீடூழி வாழ வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து மிதிவண்டியில் வந்த இளைஞர்களுக்கு நன்றி சொல்லும்போது, அவர்களோடு சண்டை போட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அது சிப்பாய்களை அடக்க பிரிட்டிஷ் தளபதி ஜில்லஸ்பி குதிரைப் படையோடு வந்த வழி, அடக்க வந்தவன் வழியில் நாம் எதற்கு வரவேண்டும் என்பது நியாயமான கேள்வி. அவர்கள் தந்த பதில் எனக்குப் பிடித்திருந்தது: "எவ்ளோ பக்கம்னு தெரியணும்." பதினாறு மைல்தான். விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில். திப்புவின் புலிக்கொடி ஏறியாயிற்று. ஆனால் வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். காலையிலேயே முன்னணிக் குதிரைகள் வந்து சேர்ந்தன, பின்னாலேயே பீரங்கிகள் வந்து கதவைத் தகர்த்தன. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. வியர்வையோடு வந்து இறங்கிய ஒரு பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். கோட்டைக்கு வெளியே பழைய ஐரோப்பியர் கல்லறையில், அன்று இறந்த ஆங்கிலேயர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. அவர்களுக்கும் பூ வைக்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னபோது எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அவர்களுக்குக் கல் உண்டு. பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்ட ஆறு பேருக்கும், சுடப்பட்ட ஐந்து பேருக்கும், தூக்கிலிடப்பட்ட எட்டுப் பேருக்கும் எங்கே கல் என்று கேட்டேன். அவர் வாதாடவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்திருந்த வெள்ளைக்கார நோயாளிங்களையும்தானே அன்னிக்குச் சிப்பாய்ங்க வெட்டினாங்க" என்று மட்டும் சொன்னார். அது உண்மை. ஞாயிறு காலை அவர் ஒருவராகவே போய் ஒரு முழம் சாமந்தி வைத்துவிட்டு வந்தார். என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை, ஆனாலும் ஐயா, உங்களுக்கு நன்றி.

மக்கான் சந்திப்பு நினைவுத்தூண் அருகே கடை வைத்திருப்பவர்கள் விடியுமுன்பே தண்ணீர் ஊற்றித் தூணைக் கழுவி வைத்திருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து அண்டா நிறையத் தேநீர் வந்தது. மாலைக்கு மார்க்கெட் பூக்காரம்மாக்கள் காசு வாங்கவில்லை. இரவு நடைக்கு அனுமதி தந்து, எங்களோடு கடைசிவரை நடந்த காவலர்களுக்கும், கோட்டைக்கு ஒரு கீறல் விழாமல் எங்கே விளக்கு வைக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த தொல்லியல் துறை ஊழியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நடைபாதையில் சிந்திய எண்ணெயை ஐந்து மணிக்கே வந்து மணல் போட்டுத் துடைத்த தூய்மைப் பணியாளர் அக்காக்கள் நால்வர், அன்று அவர்களுக்கு விடுமுறை. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார்கள்.

கடைசியாகக் கணக்கு. வசூலும் செலவும் எழுதிய தாள் நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது; மீதம் 2,140 ரூபாய், நாடகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறது. மண்டபத்தில் விட்டுப்போன பொருள்கள் ஒரு குடை, குழந்தையின் இடது கால் செருப்பு, மூக்குக் கண்ணாடி ஒன்று. நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 350 அகலில் திரும்பி வந்தவை 41. மற்றவை உங்கள் வீடுகளில் இருக்கின்றன என்று தெரியும். அவற்றைத் திருப்பித் தர வேண்டாம்.

விழாக் குழுவினர் சார்பில்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
வேலூர்.