செயின்ட் பான்க்ராஸில் உதவிய அண்ணாவுக்கு

லண்டனிலிருந்து சூரிச்சுக்கு ரயிலில் போக வேண்டும். அம்மாவுக்கு விமானம் ஒத்துவராது. செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் டிக்கெட் தேடி அலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தபோது, "தமிழோ?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயில் வந்து நிற்பது பாரிசின் கார் து நோர் நிலையத்தில். சூரிச் போகும் லிரியா அதிவேக ரயில் கிளம்புவது கார் து லியோனில். நடுவே ஆர்இஆர் டி என்ற பாரிஸ் நகர ரயிலில் இரண்டே நிறுத்தம்தான். "அம்மாவும் பெட்டியும் இருக்கு, ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ. நேரம் மிஞ்சினால் கார் து நோருக்குப் பக்கத்திலேயே தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல், தோசை சாப்பிடலாம்" என்றீர்கள். ஐரோப்பிய ரயில் பாஸ் வைத்திருந்தாலும் யூரோஸ்டார், லிரியா இரண்டுக்கும் இருக்கைப் பதிவு கட்டாயம், பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டனிலேயே நடக்கும், அதனால் முன்கூட்டியே வர வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அப்புறம் கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் இரண்டு நிலையப் பெயர்களையும் பிரெஞ்சில் எழுதி, நடுவே அம்புக்குறி போட்டுக் கொடுத்தீர்கள். பாரிசில் வழி கேட்க அதை நீட்டினாலே போதுமாக இருந்தது.

தோசையும் சாப்பிட்டோம். சாம்பார் சுமார்தான், அது உங்கள் குற்றமில்லை!

மிக்க நன்றி அண்ணா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், ஒரு கோப்பியாவது நான் வாங்கித் தர வேண்டும்.